அப்பாவோட .38 ரிவால்வர்: என் பேருக்கு மாத்தி இடுப்புல வெச்சுக்கவா, விட்டுடவா?

சாட்ஸ்வர்த் மகன்

எல்லாருக்கும் வணக்கம், நான் தென்னாப்பிரிக்கால டர்பன்ல சாட்ஸ்வர்த்காரன். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்கு தான் எழுதறேன். தமிழ் கோயில் கிளாஸ்லயும் ஆயாகிட்டயும் கத்துக்கிட்டது, தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

அப்பா போய் ஏழு மாசம் ஆச்சு. அவர்கிட்ட ஒரு .38 ரிவால்வர் இருந்துச்சு, 1980கள்ல கடை வெச்சிருந்தப்ப வாங்கினது, பழைய சட்டத்துல குடுத்த பச்சை லைசன்ஸ். ராத்திரி கடை சாத்தி கல்லா பணத்தோட வீட்டுக்கு வர்றப்ப மட்டும் இடுப்புல இருக்கும், மத்த நேரம் சேஃப்ல. ஒரு தடவை கூட அவர் அத வெளிய எடுத்து நாங்க பாத்ததில்ல. எஸ்டேட்டுக்கு, அதாவது அவர் விட்டுட்டுப் போன சொத்துக்கு, பொறுப்பான எக்ஸிகியூட்டர் நான் தான், துப்பாக்கிய ஒரு டீலர்கிட்ட ஸ்டோரேஜ்ல குடுத்து வெச்சிருக்கேன், மாசாமாசம் வாடகை போகுது.

மார்ச்ல ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க கேட்லயே கார ஹைஜாக் பண்ணாங்க. ரெண்டு பேர், ரெண்டு பேர் கையிலயும் துப்பாக்கி. பின் சீட்ல என் பையன், ஆறு வயசு, பெல்ட் போட்டிருந்தான். பெல்ட்ட கழட்ட விடுங்கன்னு கெஞ்சினேன், விட்டாங்க. கார் போச்சு, பையன் கையில இருந்தான், அது போதும். ஆனா அன்னிலேருந்து நான் தூங்கறதில்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து கேட்ட பாத்துட்டு நிக்கறேன். அப்பாவோடத என் பேருக்கு மாத்தி தினமும் சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டா என்னன்னு ஒரே யோசனை. மனைவி வேணாம்னு ஒத்த வார்த்தைல சொல்லிட்டா. நீங்க என்ன சொல்றீங்க? எப்படி பண்றதுன்னு மட்டும் இல்ல, பண்ணலாமான்னு கேக்கறேன்.

லெனேசியா ரேஞ்ச்காரன்

தம்பி, பையனுக்கு ஒண்ணும் ஆகலயே, முருகன் காப்பாத்தினான்.

முதல்ல சட்டம் என்னன்னு சொல்லிடறேன், இதுல நிறைய பேருக்கு குழப்பம் இருக்கு. அமெரிக்கால மறைச்சு எடுத்துட்டு போறதுக்குன்னு தனி பெர்மிட் குடுக்கணுமா வேணாமான்னு முப்பது நாப்பது வருஷமா சண்டை போடறாங்க. நம்ம தென்னாப்பிரிக்கால அப்படி தனி பெர்மிட்டே கிடையாது. 2000ல வந்த துப்பாக்கி கட்டுப்பாட்டு சட்டம், எண் 60, அது 2004 ஜூலைல முழுசா அமலுக்கு வந்துச்சு. அதுல 13வது பிரிவுல தற்காப்புக்குன்னு ஒரே ஒரு துப்பாக்கிக்கு லைசன்ஸ், அஞ்சு வருஷத்துக்கு. லைசன்ஸ் கிடைச்சாச்சுன்னா வெளிய எடுத்துட்டு போலாம், ஆனா 84வது பிரிவு சொல்றபடி முழுசா மூடி மறைச்சிருக்கணும், ஹோல்ஸ்டர்ல உடம்போட சேந்து இருக்கணும் இல்லன்னா பைக்குள்ள, எப்பவும் உன் கட்டுப்பாட்டுல இருக்கணும். அதாவது இங்க மறைச்சு வைக்கறது சலுகை இல்ல, கட்டாயம்.

வழி இது தான்: 21 வயசு ஆகியிருக்கணும், ட்ரெய்னிங் சென்டர்ல சட்டப் பரீட்சையும் சுடற பரீட்சையும் பாஸ் பண்ணணும், அப்புறம் ஸ்டேஷன்ல துப்பாக்கி விஷயம் பாக்கற டிஎஃப்ஓகிட்ட எஸ்ஏபிஎஸ், அதாவது நம்ம போலீஸோட, 517 ஃபார்ம் குடுத்து காம்பிடன்சிங்கற தகுதிச் சான்றிதழ் வாங்கணும், அதுக்கப்புறம் 271 ஃபார்ம்ல லைசன்ஸ். கூட மோட்டிவேஷன் லெட்டர், அதாவது எதுக்கு வேணும், வேற வழில ஏன் சமாளிக்க முடியாதுன்னு நீ எழுதறது. ஹைஜாக் கேஸ் நம்பர அதுல போடு, அது பலமான காரணம். சுவத்துல போல்ட் அடிச்ச சேஃப் வேணும், எஸ்ஏபிஎஸ்காரங்க வந்து பாப்பாங்க. வாரிசா வர்ற துப்பாக்கின்னாலும் தானா உனக்கு வந்துடாது, உன் பேர்ல புதுசா அப்ளை பண்ணித்தான் ஆகணும்.

என் கருத்து கேட்டா, எடு. நான் பதினேழு வருஷமா வெச்சிருக்கேன்.

மெர்பேங்க் அக்கா

தம்பி, உன் மனைவி சொல்றத நான் சொல்றேன்னு வெச்சுக்க. நான் பெண்கள் காப்பகத்துல வேலை பாக்கறவ, இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. எங்ககிட்ட வர்ற பொண்ணுங்க "அவர் சுடல அக்கா, மேசை மேல வெச்சுட்டு பேசுவார்"னு சொல்லுவாங்க. சாப்பாட்டு மேசை மேல. பிள்ளைங்க அங்கயே உக்காந்து ஹோம்வொர்க் பண்ணிட்டு இருக்கும். அதுல பல துப்பாக்கிக்கு லைசன்ஸ் ஒழுங்கா இருந்துச்சு, ட்ரெய்னிங் சர்டிஃபிகேட் இருந்துச்சு, சேஃப் இருந்துச்சு. 1998ல வந்த குடும்ப வன்முறை சட்டத்துல 9வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, ஆபத்துன்னு தெரிஞ்சா கோர்ட் துப்பாக்கிய பறிமுதல் பண்ண உத்தரவு போடும். அந்த ஆர்டர வாங்கறதுக்கு அந்தப் பொண்ணு மொதல்ல வீட்ட விட்டு உயிரோட வெளிய வரணும் இல்லயா.

நீ அப்படிப்பட்ட ஆள்னு நான் சொல்லவே இல்ல. நீ தூங்கறதில்லன்னு எழுதியிருக்க. ராத்திரி ரெண்டு மணிக்கு கேட்ட பாத்துட்டு நிக்கறேன்னு எழுதியிருக்க. அந்த நிலைமைல இருக்கற மனுஷன் கையில எதக் குடுக்கறோம்னு தான் எனக்கு பயம். மொதல்ல ஒரு கவுன்சிலர பாரு, தம்பி.

இன்னொண்ணு. 2001லேருந்து 2005 வரைக்கும் டர்பன், கேப் டவுன், ஜோபர்க், பிரிட்டோரியா, போர்ட் எலிசபெத் அஞ்சு ஊர் பிணவறை கணக்க வெச்சு ஆராய்ச்சி பண்ணினாங்க, சட்டத்த இறுக்கினதால 4,500க்கு மேல உயிர் பிழைச்சிருக்குன்னு அதுல வந்துச்சு.

லெனேசியா ரேஞ்ச்காரன்

அக்கா, உங்க வேலைக்கு பெரிய மரியாதை, மேசை மேல வைக்கறவன் கையில ஒரு துப்பாக்கியும் இருக்கக் கூடாது, அதுல நமக்குள்ள சண்டையே இல்ல. ஆனா அந்த 4,500 கணக்க நானும் படிச்சிருக்கேன். சட்டம் முழுசா அமலானதே 2004 ஜூலைல, கொலை குறைய ஆரம்பிச்சது அதுக்கு முன்னாடியே. 2000லேயே லைசன்ஸ் குடுக்கறத இறுக்கிட்டாங்கன்னு அவங்க சொல்றாங்க, சரி, அதுவும் ஒரு விளக்கம் தான். ஆனா அதுக்கப்புறம்? 2011/12ல நாடு முழுக்க 15,600 மாதிரி இருந்த கொலை 2023/24ல 27,600 தாண்டிடுச்சு. அதே சட்டம் தானே இப்பவும் இருக்கு. சுடறவன் 271 ஃபார்ம் போட்டுட்டு வர்றதில்ல அக்கா.

2021 மே மாசம் அரசாங்கம் ஒரு சட்ட வரைவு கொண்டு வந்தாங்க, தற்காப்ப ஒரு காரணமாவே ஏத்துக்க மாட்டோம்னு. ஒரு லட்சத்துக்கு மேல கருத்து போச்சு, அது இன்னும் சட்டமாகல. நானும் எழுதி அனுப்பினேன். போலீஸ் வர்ற வரைக்கும் என்ன பண்றதுன்னு ஒரு கேள்வி தான் கேட்டேன்.

நார்த் கோஸ்ட் அக்கா

போலீஸ் வர்ற வரைக்கும்னு சொன்னதால எழுதறேன், இல்லன்னா நான் இந்த மாதிரி விஷயத்துல வாய் தொறக்கறதில்ல.

நான் தனி ஆள். வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் டேக்அவே கடைய நானே நடத்தறேன், பின்னாலயே வீடு. மூணு வருஷத்துக்கு முன்னாடி ராத்திரி பதினொன்ற மணிக்கு பின் கதவோட பர்க்லர் கார்ட கிரோபார் போட்டு நெம்பற சத்தம். ஸ்டேஷனுக்கு போன் பண்ணா வண்டி இல்லன்னாங்க, துப்பாக்கியோட வர்ற தனியார் செக்யூரிட்டி, அந்த ஆர்ம்ட் ரெஸ்பான்ஸுக்கு மாசக் காசு கட்ட அப்ப என்கிட்ட வசதி இல்ல. சேஃப்லேருந்து 9 எம்எம் எடுத்துட்டு பாசேஜ் கடைசில போய் தரைல உக்காந்து, "துப்பாக்கி இருக்கு, கதவு தொறந்தா சுடுவேன்"னு இங்கிலீஷ்ல ஒரு தடவ ஸூலூல ஒரு தடவ கத்தினேன். சத்தம் நின்னுச்சு. கொஞ்ச நேரம் பேச்சு சத்தம், அப்புறம் ஓடற சத்தம். ஒரு குண்டு கூட சுடல. போலீஸ் வந்தது காலைல ஆறரைக்கு, நான் அப்ப சமோசாவுக்கு மாவு பிசைஞ்சுட்டு இருந்தேன், கை நடுங்கறது நிக்கல, வேலைய விட்டா அழுதுடுவேன்னு பிசைஞ்சுட்டே இருந்தேன்.

அதுனால துப்பாக்கியே வேணாம்னு சொல்றவங்க என்ன மாதிரி ஒரு பொம்பளைய பாத்து சொல்லணும். மெர்பேங்க் அக்காவ நான் தப்பா பேசல. அவங்க காப்பகத்துக்கு வர்ற பொண்ணுக்கு எமன் துப்பாக்கி, எனக்கு அன்னிக்கு அது தான் துணை.

ஜோபர்க் ஐடி தம்பி

நான் திருநெல்வேலிக்காரன், 2017ல இங்க வந்தேன். முதல் வாரம் ஒரு மால் வாசல்ல துப்பாக்கிக்கு குறுக்குக் கோடு போட்ட போர்டு பாத்து அப்படியே நின்னுட்டேன், ஊர்ல கோயில் வாசல்ல செருப்புக்கு தான் அப்படி போர்டு பாத்திருக்கேன். நம்ம ஊர்ல 1959 ஆயுதச் சட்டம், கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போய் வாங்கற லைசன்ஸ், என் சொந்தத்துல ஒருத்தர்கிட்டயும் கிடையாது.

அமெரிக்கா பத்தி பேச்சு வந்ததால சொல்றேன், என் அத்தை பையன் டெக்சாஸ்ல இருக்கான். அங்க 2021 செப்டம்பர் 1லேருந்து பெர்மிட்டே இல்லாம இடுப்புல வெச்சுக்கலாம். 2022 ஜூன்ல அவங்க சுப்ரீம் கோர்ட், நியூயார்க்ல தனிக் காரணம் காட்டினா தான் பெர்மிட்னு இருந்தத அடிச்சிடுச்சு, வெளிய எடுத்துட்டு போறதே அரசியல் சாசன உரிமைன்னு சொல்லிடுச்சு. இது குற்றத்த குறைக்குதான்னு அங்கயே அடிதடி. ஜான் லாட்னு ஒருத்தர் 1990கள்லேருந்து குறையுதுன்னு எழுதறாரு, 2004ல அவங்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் உக்காந்து பாத்துட்டு ரெண்டு பக்கமும் முடிவு சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்லன்னுச்சு, அப்புறம் ஸ்டான்ஃபோர்ட் ஜான் டானஹ்யூ, இந்த மாதிரி சட்டம் வந்து பத்து வருஷத்துல வன்முறைக் குற்றம் 13லேருந்து 15 சதவீதம் கூடுதலா இருக்குன்னு கணக்கு போட்டாரு. அதுல எனக்கு மனசுல நின்னது ஒண்ணு, கூடறதுக்கு ஒரு காரணமா சொல்றது துப்பாக்கி திருட்டு. காருக்குள்ள விட்டுட்டு போறாங்க, கண்ணாடிய உடைச்சு எடுத்துட்டு போறாங்க.

ஓய்வு பெற்ற சார்ஜென்ட்

28 வருஷம் சீருடை போட்டவன். ஐடி தம்பி கடைசியா சொன்னதுலேருந்து ஆரம்பிக்கறேன்.

மகனே, உன் கேட் சம்பவத்த திரும்ப ஒரு தடவ மனசுல ஓட்டிப் பாரு, கஷ்டம் தான், ஆனாலும் பாரு. நீ ரிமோட் அழுத்தற, கேட் ஓடுது, உன் பார்வை முன்னாடி. அவன் பின்னாலேருந்து ஜன்னல்கிட்ட வர்றான், துப்பாக்கி ஏற்கனவே கையில. உன்னோடது சட்டைக்கு உள்ள, அதுக்கு மேல சீட் பெல்ட். சுடப் பழகற ரேஞ்ச்ல நின்னு எடுக்கறதுக்கே பழகாத ஆளுக்கு மூணு நாலு செகண்ட் போயிடும், உக்காந்துட்டு பெல்ட்டோட எடுக்கறது வேற கதை. அவனுக்கு அரை செகண்ட் போதும். நீ எடுத்துட்டன்னே வெச்சுக்க, ரெண்டாவது ஆள் எங்க நிக்கறான்? உன் பையன் இருந்த கதவுகிட்ட தானே? அப்ப உன் குண்டு எந்தப் பக்கம் போகும்? நான் இந்த மாதிரி கேட்கள்ல நின்னு ஸ்டேட்மென்ட் எழுதியிருக்கேன். இடுப்புல துப்பாக்கி இருக்கறத தடவிப் பாத்து கண்டுபிடிச்ச உடனே பேச்சு மாறிடும். கார் மட்டும் கேட்டவன் அதுக்கப்புறம் பயத்துல சுடுவான். செத்தவங்க துப்பாக்கிய அவனே எடுத்துட்டு போயிருப்பான், அடுத்த கேட்ல அது தான் இருக்கும்.

நார்த் கோஸ்ட் தங்கச்சி கதைய படி. அவங்களுக்கு நடுவுல ஒரு கதவு இருந்துச்சு, பாசேஜ் இருந்துச்சு, யோசிக்க நேரம் இருந்துச்சு, கத்தி எச்சரிக்கை குடுக்க முடிஞ்சுச்சு. துப்பாக்கி வேலை செய்யணும்னா நேரமும் தூரமும் வேணும். கேட்ல உனக்கு ரெண்டுமே கிடையாது. லெனேசியா அண்ணன் தப்பா சொல்லல, அவர் மாசாமாசம் ரேஞ்சுக்கு போற ஆள், ஆனா அவருக்கும் கேட்ல ரெண்டும் கிடைக்காது.

சட்டமும் சொல்லிடறேன். அவன் உன்ன அந்த நிமிஷம் தாக்கறப்ப, வேற வழி இல்லாதப்ப, தேவையான அளவுக்கு தான் நீ திருப்பி அடிக்கலாம். கார எடுத்துட்டு திரும்பி ஓடறவன் முதுகுல சுட்டா நீ குற்றவாளிக் கூண்டுல நிப்ப. காரணம் இல்லாம ஒருத்தர நோக்கி நீட்டினாலே 120வது பிரிவுல குற்றம். தொலைஞ்சா 24 மணி நேரத்துக்குள்ள ஸ்டேஷன்ல சொல்லணும். குடிச்சுட்டு தொடக் கூடாது, கல்யாணத்துல ஒரு கிளாஸ் எடுத்தாலும் அன்னிக்கு அது சேஃப்ல தான்.

பீனிக்ஸ் பையன்

2021 ஜூலை கலவரத்த யாரும் பேசல, நான் பேசறேன்.

அந்த வாரம் கடைங்க எரிஞ்சுச்சு, போலீஸ் கண்ணுல படல, ரோட்டுக்கு ரோடு டயர் போட்டு மறிச்சுட்டு நின்னோம். என் மாமாவும் லைசன்ஸ் துப்பாக்கியோட நின்னார், நான் கிரிக்கெட் பேட்டோட நின்னேன். எங்க தெருவ காப்பாத்தத்தான் நின்னோம், அந்த பயம் நிஜம், யாரும் அத பொய்னு சொல்லாதீங்க. ஆனா டர்பன் பக்கத்துல எங்க பீனிக்ஸ்ல 36 பேர் செத்தாங்க. பெட்ரோல் தேடி வந்தவங்க, வேலை முடிஞ்சு வீட்டுக்கு போனவங்க, கறுப்பினத்தவங்கங்கறதால மட்டும் நிறுத்தப்பட்டவங்க அதுல இருந்தாங்க. எங்க வீட்டுல பல வருஷம் வேலை செஞ்ச அம்மா, அதுக்கப்புறம் ஒரு மாசம் எங்க ஏரியாவுக்குள்ள கால் வைக்கல. திரும்பி வந்தப்ப எங்கம்மா கையப் பிடிச்சுட்டு அழுதாங்க, ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல.

ஒரு ஆள் தன் வீட்ட காப்பாத்த வாங்கின துப்பாக்கி, அந்த வாரம் ரோட்டுல யார் போலாம் யார் போகக் கூடாதுன்னு முடிவு பண்ற துப்பாக்கியா மாறிடுச்சு. எந்த லைசன்ஸ் பரீட்சையிலயும் இத கேக்கறதில்ல. மாமா தன்னோடத வித்துட்டார். ஏன்னு நாங்க கேட்டதில்ல.

லெனேசியா ரேஞ்ச்காரன்

பீனிக்ஸ் தம்பி, இத எழுதறதுக்கு தைரியம் வேணும். அந்த 36 பேர் விஷயத்துல எனக்கு பதில் கிடையாது.

சார்ஜென்ட் சொன்ன கேட் கணக்கும் சரி தான், நானே கார்ல உக்காந்து காலி துப்பாக்கியோட எடுத்துப் பழகியிருக்கேன், பெல்ட்ல மாட்டும். ஆனாலும் என் நிலைப்பாட்ட நான் மாத்திக்கல: நார்த் கோஸ்ட் அக்கா மாதிரி ஆளுக்கு அந்த உரிமைய சட்டம் பறிக்கக் கூடாது. இந்த மகனுக்கு மட்டும் சொல்றதா இருந்தா, எடுன்னு முதல்ல அவசரப்பட்டு சொல்லிட்டேன், அத வாபஸ் வாங்கிக்கறேன். மெர்பேங்க் அக்கா தூக்கம் பத்தி சொன்னத நான் கவனிச்சிருக்கணும்.

சாட்ஸ்வர்த் மகன்

மூணு நாளா எல்லாத்தையும் ரெண்டு மூணு தடவ படிச்சேன். மனைவிக்கு தமிழ் படிக்க வராது, உக்கார வெச்சு வாசிச்சு காட்டினேன். சார்ஜென்ட் அங்கிள் எழுதினத வாசிக்கறப்ப என்னால முடியல, ரெண்டாவது ஆள் நிஜமாவே பையன் கதவுகிட்ட தான் நின்னான். நான் அத யார்கிட்டயும் சொன்னதில்ல, போலீஸ் ஸ்டேட்மென்ட்ல கூட விட்டுப் போச்சு.

என்கிட்ட துப்பாக்கி இருந்திருந்தா நான் எடுத்திருப்பேன். அது தான் உண்மை. என் கோவத்துக்கு எடுத்திருப்பேன்.

அதனால என் பேருக்கு மாத்தல. கேட்ட உள்ள தள்ளி வைக்க முடியாது, இடம் இல்ல, ஆனா ரோட்டுலயே நிறுத்தி ரெண்டு பக்கமும் பாத்துட்டு, கேட் முழுசா தொறந்ததுக்கப்புறம் தான் திருப்பறதுன்னு பழகறோம், சந்தேகமா இருந்தா ரோபோட், அதாவது டிராஃபிக் சிக்னல், வரைக்கும் ஒரு சுத்து சுத்திட்டு வர்றது. கவுன்சிலர் அப்பாயின்ட்மென்ட் வாங்கியாச்சு, அக்கா.

இப்ப ஒரே ஒரு சிக்கல். துப்பாக்கிய போலீஸ்ல ஒப்படைக்கலாம்னு பாத்தா மனசு ஒப்பல. அந்த போலீஸ் கர்னல் விஷயம் எல்லாருக்கும் தெரியும், பிரின்ஸ்லூ, அழிக்கறதுக்குன்னு வந்த போலீஸ் ஸ்டாக்லேருந்து 2,000க்கு மேல துப்பாக்கிய கேப் டவுன் கேப் ஃப்ளாட்ஸ் கும்பலுக்கு வித்து 2016ல 18 வருஷம் தண்டனை வாங்கினானே. அதுல 1,066 கொலை வரைக்கும் சம்பந்தம் வந்துச்சு. எங்கப்பா முப்பது வருஷத்துக்கு மேல ஒரு குண்டு யார் மேலயும் சுடாம வெச்சிருந்த துப்பாக்கி, அவர் போனதுக்கப்புறம் ஒரு குழந்தை மேல சுடக் கூடாது. என்ன பண்ணலாம்?

ஓய்வு பெற்ற சார்ஜென்ட்

நியாயமான பயம், நான் சீருடை போட்டவன்கறதால இன்னும் அதிகமா சொல்றேன். பிரின்ஸ்லூ விஷயம் வெளிய வந்தப்ப நாங்க பல பேர் வீட்டுல தலை நிமிர்ந்து சாப்பிடல.

ரெண்டு வழி. ஒப்படைக்கறதுன்னா நீயே நேர்ல போ, யார்கிட்டயும் குடுத்து அனுப்பாத. சீரியல் நம்பர் தெரியற மாதிரி போட்டோ எடு, ரசீதுல அதே நம்பர் எழுதியிருக்கான்னு ஒவ்வொரு எழுத்தா பாரு, அதிகாரி பேரும் ஸ்டாம்பும் இல்லாம கவுன்டர விட்டு நகராத. அழிச்சாச்சுன்னு எழுத்துல கேட்டு லெட்டர் போடு, பதில் வரலன்னா திரும்ப போடு. இன்னொரு வழி, துப்பாக்கி ரிப்பேர் பண்ற கன்ஸ்மித்கிட்ட குடுத்து சட்டப்படி டீஆக்டிவேட் பண்றது, அனுமதியெல்லாம் எப்படின்னு உன் டீலருக்கே தெரியும், அதுக்கப்புறம் அது சுடாது, யார் கைக்கு போனாலும் வெறும் இரும்பு.

நார்த் கோஸ்ட் அக்கா

டீஆக்டிவேட் பண்ணிடு தம்பி. காசு கொஞ்சம் ஆகும், பரவால்ல. கோயில் கஞ்சிக்கு இந்தப் பக்கம் வந்தா கடைக்கு வா, பையனையும் கூட்டிட்டு வா, சமோசா சூடா தர்றேன்.

சாட்ஸ்வர்த் மகன்

டீலருக்கு போன் பண்ணேன், அவருக்கு தெரிஞ்ச கன்ஸ்மித் இருக்காராம், பேப்பர் வேலைய அவரே பாத்துக்கறேன்னார். எஸ்டேட் லெட்டர், அப்பாவோட டெத் சர்டிஃபிகேட், பச்சை லைசன்ஸ் மூணும் ஒரிஜினல் வேணுமாம். சனிக்கிழமை ஒரு மணிக்கு கடை சாத்திடுவாங்க, பையனுக்கு காலைல கிரிக்கெட் இருக்கு, அவன அங்க விட்டுட்டு மனைவியும் நானும் நேரா போறோம். சீரியல் நம்பர போட்டோ எடுத்ததும் கையாலயும் ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கறேன் அங்கிள்.

கேட்க மறந்துட்டேன், மிச்சம் இருக்கற குண்டுங்க ஒரு பெட்டி, பதினெட்டோ இருபதோ இருக்கும், அதுவும் டீலர்கிட்டயே இருக்கு. அத என்ன பண்றது?

ஓய்வு பெற்ற சார்ஜென்ட்

அதையும் எண்ணி, எத்தனைன்னு எழுதி, கையெழுத்து வாங்கு. வீட்டுக்கு எடுத்துட்டு வராத, லைசன்ஸ் இல்லாதவன்கிட்ட குண்டு இருக்கறதும் குற்றம். முடிஞ்சதும் இங்க ஒரு வரி எழுது.